இடிக்குப் பயந்தவளைக் கட்டிப்போட்டேன்

மழை வருகிறது என்று போனில் செய்தி வந்தால் வரி விடாமல் படிக்கிறவள் நான். எங்கள் தெருவில் மற்றவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "வானத்தைப் பாத்தாத் தெரியாதா, போனைப் பாத்தாத்தான் தெரியுமோ?" என்று என்னைக் கேலி செய்வார்கள். அந்த ஐப்பசியில் வந்த செய்தி இடி, மின்னல், பலத்த காற்று, மரத்தடியில் ஒதுங்காதீர்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் செல்லப் பிராணிகளைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருந்தது கன்னி இன வேட்டை நாய். காட்டுப்பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு தொங்குகிறவள். அவளைச் செல்லப் பிராணி என்று சொன்னால் அவளே கோபித்துக்கொள்வாள்.

எங்கள் பக்கம் சில வீடுகளில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கூடவே ஒரு கன்னிக் குட்டியையும் அனுப்புவார்கள். அதை விலைக்கு விற்பது கேவலம். நான் இடைசெவல் பக்கத்திலிருந்து நாகலாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கல்யாண வேனிலிருந்து மடியில் குட்டியோடுதான் இறங்கினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முதலில் குட்டியைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள், வாலைப் பிடித்துப் பார்த்தார்கள். நல்லவேளை, குட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் சொல்லப்போகிறவள் அந்தக் குட்டியின் பேத்தி. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு சந்தனப் பொட்டு, விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற வயிறு. பெயரெல்லாம் வைக்கவில்லை. "ஏட்டி" என்றால் வருவாள். என் கணவர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதால், அவர் ஒரு சத்தம் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

ஆனால் அவர் கையில் அவள் சாப்பிட மாட்டாள். என் கையில் மட்டும்தான். நான் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டால் இரண்டு நாளும் பட்டினி. ஒருமுறை காலில் ஏறிய கருவேல முள்ளை அவர் எடுக்கப்போக, மணிக்கட்டில் கடித்துவிட்டாள். அதே முள்ளை நான் எடுத்தபோது பல்லைக்கூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து அவர், "ஒன் நாயி, நீயே பாத்துக்கோ" என்று ஒதுங்கிவிட்டார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். எனக்கென்று ஊரில் அப்படி ஒரு சீவன் வேறு இல்லை.

பன்றிக்குப் பயப்படாதவளுக்கு ஒரே ஒரு பயம். சத்தம். எங்கள் ஊரைச் சுற்றிலும் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசுக் கம்பெனியும் இருக்கும்போது தீபாவளியைப் பற்றிக் கேட்கவேண்டுமா? ஒரு வருஷம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினோம். முதல் அணுகுண்டு வெடித்ததும் சன்னல் கம்பி வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டாள். கன்னி ஓட ஆரம்பித்தால் பைக்கில் துரத்தினாலும் பிடிக்க முடியாது. மூன்றாம் நாள் விளாத்திகுளம் ரோட்டோரம், வயிறு கிழிந்து, கண் செருகிக் கிடந்தவளைத் தூக்கி வந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன். எங்கள் புஞ்சையில் ஓடைக்கரையோரம் கிணறு. கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம். சிமெண்டுச் சுவர், கான்கிரீட் கூரை, இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதில் சங்கிலியைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். மோட்டார் இரைச்சலில் வெடிச்சத்தம் அமுங்கிவிடும். மூன்று தீபாவளியை அப்படிக் கழித்தோம். என்னைவிடக் கெட்டிக்காரி இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்று காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வடகிழக்கில் வானம் கறுத்தது. வெறும் கறுப்பு என்று சொல்ல முடியாது. காயம்பட்ட இடத்தில் கன்றிப்போகுமே, அந்த நிறம். முதல் இடி தூரத்தில்தான். அதற்கே அவள் வாலை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு என் சேலையை முகத்தால் முட்டினாள்.

என் கணவர் தொழுவத்துக்குப் போய்ப் பசுக்கள் இரண்டையும் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டார். ஆடுகளின் கழுத்துக் கயிற்றை நான் அவிழ்த்தேன். பெருமழை வரும்போது கட்டிக்கிடக்கிற உயிரை அவிழ்த்துவிட வேண்டும். கூரை விழுந்தாலும், வெள்ளம் வந்தாலும் அது தன் வழியைத் தேடிக்கொள்ளும். கரிசல் காட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆட்டை அவிழ்த்த அதே கையோடு நான் சங்கிலியை எடுத்தேன். மாடு அவிழ்த்துவிட்டாலும் தொழுவத்தில்தான் நிற்கும், இவள் ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். போன வைகாசி மழையில் பக்கத்துக் காட்டுக்காரரின் ஆறு ஆடுகள் புளியமரத்தடியில் வரிசையாகக் கருகிக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். ஒன்றின் வாயில் மென்ற இலை அப்படியே இருந்தது. இவளும் அப்படி எங்காவது மரத்தடியில் போய் நின்றுவிட்டால்? ஓட்டமும் நடையுமாக அவளைப் புஞ்சைக்குக் கூட்டிப்போய் வளையத்தில் கட்டினேன். கரண்ட் இல்லாததால் மோட்டாரைப் போட முடியவில்லை. அவள் நெற்றியில் கைவைத்து, "இங்கனயே கெட. நான் இடி நின்ன ஒடனே வந்திருதேன்" என்றேன். என் உள்ளங்கையை நக்கினாள். கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையா அது? கல்லைக் கொண்டு எறிகிற மாதிரி முகத்தில் அறைந்தது. எதிர்வீட்டுக் கோழிக் கூண்டின் தகரம் பிய்ந்து தெருவில் பறந்து போய்க் கரண்ட் கம்பத்தில் மோதி, மடங்கி, மறுபடி பறந்தது. அதற்குப் பின்னால் ஒரு கோழி உருண்டுகொண்டே போயிற்று. ஊருக்கு மேற்கே ஒரு பனையில் இடி விழுந்து, கொட்டுகிற மழையிலும் உச்சியில் தீ எரிந்தது. வீட்டுச் சுவர் என் முதுகில் நடுங்கியது. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. அவள் கான்கிரீட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறாள். இந்த எழவெடுத்த இடி எங்கே வேண்டுமானாலும் விழட்டும்.

இரண்டு மணி நேரம் விடாமல் அடித்தது. கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. முதலில் வெடிப்பெல்லாம் தண்ணீரைக் குடிக்கும். வெடிப்பு மூடியதும் ஒரு சொட்டு இறங்காது, பெய்ததெல்லாம் மேலேயே ஓடும். நாலரை மணிவாக்கில் மழை கொஞ்சம் குறைந்தபோது கிழக்கே கண்மாய்ப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. இடி இல்லை. விடாமல், ஒரே சுருதியில். என் கணவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கம்மா ஒடைஞ்சிருக்கு ஏட்டி. ஓடைல தண்ணி வருது" என்றார்.

ஓடைக்கரையில் மோட்டார் ரூம். ரூமுக்குள் வளையம். வளையம் முழங்கால் உயரத்தில்.

நான் வாசலைத் தாண்டியதும் அவர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார். "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? வெள்ளத்துல கெணறு எங்கன இருக்குன்னு தெரியுமா? ஒரு நாய்க்காவ சாவப் போறியா?" என்று கத்தினார். விடுங்கள் என்றேன். விடவில்லை. நெஞ்சில் ஒரு குத்து விட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரை அடித்தது அதுதான் முதல் தடவை. அவர் என் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தார். அதுவும் முதல் தடவைதான். இரண்டு பேரும் மூச்சு வாங்க மழையில் நின்றோம். "கட்டினது நானு" என்றேன். அவர் திரும்பிப்போய் டிராக்டருக்குப் பக்கத்தில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து வந்தார்.

புஞ்சைக்குப் பத்து நிமிஷ நடை. அன்றைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலில் அப்பிய மண் அடிக்கு அடி கனத்தது. நின்று குச்சியால் வழித்தெடுத்துவிட்டு நடந்தோம். மக்காச்சோளம் பூராவும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. வரப்பில் ஏறிப் பார்த்தபோது ஓடையையும் காணோம், எங்கள் புஞ்சையின் எல்லைப் பொழியையும் காணோம். செங்காவியும் கறுப்புமாக ஒரே தண்ணீர். நடுவில் மோட்டார் ரூமின் கூரையும் பாதிச் சுவரும் தெரிந்தன. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. குரைப்பு இல்லை, ஊளை இல்லை. பச்சைப் பிள்ளை விக்குவது போல விட்டுவிட்டு ஒரு சத்தம்.

"நான் போறேன்" என்றார் அவர். ஊர்க்கிணறுகளில் நீந்தி வளர்ந்தவர். ஆனால் அவர் கை பட்டால் அவள் குதறிவிடுவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என் கையென்றால் நிற்பாள். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து காலை ஊன்றினார். "வடக்குச் சொவத்தை ஒட்டியே போ. தெக்க போனா கெணறு. கரண்ட் வந்துச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து போவிய. மொதல்ல மெயினை இறக்கு" என்றார்.

தண்ணீர் இடுப்பளவு இருந்தது. ஒரு மரக்கிளை வந்து வயிற்றில் இடித்துத் தள்ளியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போய்க் கொக்கியை எடுத்தால், கதவு திறக்கவில்லை. தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்தது. தோளைக் கொடுத்து முட்டி முட்டி, ஆள் நுழையும் அளவு தள்ளினேன். உள்ளே அரையிருட்டு. எட்டி மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அவள் மோட்டார் மேடைமேல் பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களால் சுவரைப் பிறாண்டிக்கொண்டு நின்றாள். சிமெண்டில் ரத்தக் கோடுகள். சங்கிலி வளையத்திலிருந்து விறைத்துக்கொண்டு நின்றது. அது எட்டுகிற உயரம் முடிந்துவிட்டது. மூக்கும் கண்ணும்தான் தண்ணீருக்கு மேலே. "ஏட்டி, ஏட்டி, நான்தான்" என்றேன். என் குரலைக் கேட்டதும் என் பக்கம் தாவப் பார்த்தாள். சங்கிலி கழுத்தை நெரித்துப் பின்னால் இழுத்தது.

கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டியிருந்த கொக்கியைத் தேடிப் பிடித்தேன். கட்டைவிரலால் அதன் நாக்கை இழுத்தால் கழன்றுவிடும், தினமும் செய்வதுதான். ஆனால் சங்கிலி இறுகி நின்றதால் நாக்கு அசையவில்லை. பட்டையின் தோல் ஊறிப் பருத்துவிட்டது. பல்லால் கடித்துப் பார்த்தேன். அரிவாள் ஒன்று எடுத்து வந்திருந்தால் பட்டையை அறுத்துப்போட்டு ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். வீட்டில் மூன்று அரிவாள் இருந்தன. தண்ணீர் என் மார்புக்கு வந்துகொண்டிருந்தது. அவள் மூக்கு ஒருமுறை முங்கி, தும்மி, மேலே வந்தது.

சங்கிலி தளர வேண்டுமானால் அவள் கழுத்து வளையத்துக்குப் பக்கத்தில் போகவேண்டும். வளையம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்தேன். நக்கினாள். அப்படியே அவள் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினேன்.

அவள் உடம்பு முழுவதும் ஒரே உதறல். நான் முழங்காலை அவள் முதுகில் ஊன்றி, இடது கையால் பிடரியைக் கீழே தள்ளி, வலது கையால் கொக்கியைத் தேடினேன். நகங்கள் என் தொடையைக் கிழித்தன. ஒரு கை வைத்துத் தள்ளியது போதவில்லை. என் முழு எடையையும் அவள்மேல் போட்டேன். கொக்கி அகப்பட்டது, வழுக்கியது, மறுபடி அகப்பட்டது. அப்போதுதான் கடித்தாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பல் இறங்கி, மறுபக்கத்துப் பல்லைத் தொட்டதை உணர்ந்தேன். நான் அலறவில்லை, அலறினால் வாய்க்குள் தண்ணீர். அவள் கீழே குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். "செத்துராத, செத்துராத" என்று சொல்லிக்கொண்டே நான் அவளை அழுத்திக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்கு இதுவரை வந்த வெறுப்பில் பெரிய வெறுப்பு, அந்தக் கை என்னுடையது என்பதில்தான் வந்தது.

நாக்கு விலகியது. சங்கிலி போய்விட்டது.

அவள் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தாள். என் மார்பில் கால்வைத்து, தோளில் ஏறி, கழுத்தைக் கீறிக்கொண்டு கதவு இடுக்கில் பாய்ந்தாள். திரும்பவில்லை. நான் வெளியே தலையை நீட்டியபோது வெள்ளத்தில் நீந்தி வரப்பில் ஏறி, என் கணவரைத் தாண்டிச் சாய்ந்த சோளத்துக்குள் கறுப்பாக ஒரு கோடு மாதிரி போய்க்கொண்டிருந்தாள். அடுத்த இடி விழுந்தது. கோடு மறைந்துவிட்டது. அவர் கயிற்றை இழுத்து என்னை மேலே கொண்டுவந்து, தன் துண்டைக் கிழித்துக் கையில் கட்டிவிட்டு, "பொழைச்சிட்டால்ல" என்றார். அவர் என்னைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கையில் தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள். நான்கு நாள் அவளைக் காணவில்லை. ஐந்தாம் நாள் நான் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு வந்திருக்கிறாள். என் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம். பழைய சோற்றைக் கையில் வைத்து நீட்டினாராம், தின்றாளாம். அவருக்கே நம்ப முடியவில்லை. "ஏட்டி, ஒன் நாயி என் கைல தின்னுட்டா!" என்று தெருமுனையிலேயே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். நான் ஓடிவந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். காதுகள் படிந்தன, முதுகு வளைந்தது, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். பிறகு பின்பக்கமாகவே நடந்து அவருடைய கால்களுக்கு இடையில் புகுந்துகொண்டாள்.

சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஈரல் வாங்கி வேகவைத்துப் போட்டேன். நான் அந்த இடத்தைவிட்டுப் போன பிறகு வந்து தின்றாள். தூரத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். சேலையை மாற்றிப் பார்த்தேன். கோபத்தில் ஒருநாள், "நான் இல்லாட்டி நீ செத்திருப்ப நாயே" என்று கத்தியும் பார்த்தேன். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். அவள் காரணம் கேட்கிற பிராணி இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், நம்பி வந்தவளை இந்தக் கை தண்ணீருக்குள் அழுத்தியது என்பது மட்டும்தான். அது பொய்யும் இல்லை.

சித்திரையில் கோடை மழை வந்தது. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால். முதல் இடிக்கே அவள் எங்கிருந்தோ ஓடிவந்து வாசலில் நின்றாள். ஓடிப்போகாமல் வீட்டைத் தேடி வந்துவிட்டாளே என்று எனக்கு உயிர் வந்தது. கதவை அகலத் திறந்து, "வா, உள்ள வா" என்றேன். என்னைப் பார்த்ததும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். மின்னல் வெட்டியது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் அடுப்படிக்குள் போய் நின்று பார்த்தேன். என் வாசனை போதும்போல. மழையிலேயே நின்றாள். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தபோது தெருப்பக்கம் திரும்பிவிட்டாள். இன்னோர் இடிக்கு ஓடியிருப்பாள்.

என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ கொஞ்சம் வெளிய போயேன். அது உள்ள வரட்டும்."

என் வீட்டைவிட்டு நான் வெளியே போவதா என்று எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். மறுபடி மின்னியது. அந்த வெளிச்சத்தில் அவள் தொடை நடுங்குவது தெரிந்தது. சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு புறவாசல் வழியாகத் தொழுவத்துக்குப் போனேன். தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. அவிழ்த்துவிட்ட பசுக்களுக்கு நடுவில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வாசற்படி ஏறினாள். அறையை ஒரு சுற்று மோந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கையை வைத்தார்.

இடி ஓய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை தொழுவத்தில்தான் நின்றேன். அந்த வருஷம் பெய்த ஒவ்வொரு மழைக்கும் முதல் இடி கேட்டதும் நான் வெளியே போய்விடுவேன்.